பழைய மோட்டார் வண்டியின் மந்தவோட்டக் குறைகளும் அவற்றை ஆராயும் முறையும்

ஒரு மோட்டார் வண்டியின் எஞ்சின் நலமாயுள்ளதா என்பதை அறிய விரும்புவோர் அதனை நெடுந்தெருவில் விரைந்து ஓட்டிப் பார்ப்பது வழக்கம். வண்டி விரைவாக ஓடினால் எஞ்சினிற் குறையில்லை என்று முடிவு செய்துவிடுவர். ஆயின், தொழிலிற் பழகிய மெக்கானிக் அவ்வாறு செய்வதில்லை. அவர் வண்டியை மர நிழலில் நிறுத்தி, எஞ்சினை இயக்கி, மிதியினின்றும் காலை எடுத்துவிட்டு, அதன் ஒலியைச் சற்று நேரம் செவிமடுப்பார். விரைவோட்டத்தில் மறைந்து கிடக்கும் குறைகள் இந்நிலையிலே வெளிப்பட்டுவிடும் என்பது அவர் பட்டறிவாற் கண்ட உண்மை. அவ்வுண்மையின் காரணத்தை விளக்குவதும், அதன் துணைகொண்டு குறைகளை ஒழுங்காக ஆராயும் வழியைக் காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மிதியை அழுத்தாது விட்ட நிலையில், வண்டியை இழுக்கும் பொறுப்பு ஏதுமின்றி, தன்னைத்தானே இயக்கிக்கொள்ளும் அளவிற்கு மட்டும் எஞ்சின் சுழல்வதை ஈண்டு மந்தவோட்டம் என வழங்குவோம். கராச்சுகளில் இதனை ‘ஐடிலிங்’ என்பர். இன்று இறக்குமதியாகும் கார்களிற் காபரேற்றர் இல்லை; மின்னணுக் கருவியொன்று பெற்றோலை அளந்து தெளிக்கின்றது. எனினும், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய பழைய வண்டிகளை யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இன்றும் காணலாம். இவற்றுள், 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி 1971 வரை செய்யப்பட்ட மொறிஸ் மைனரையே உதாரணமாகக் கொள்வோம். சிறப்பாக, 1956 க்குப் பின்னர் வந்த ‘மைனர் 1000’ என்னும் வகையின் எஞ்சினையும், அதிற் பொருத்தப்பட்ட எஸ். யூ. காபரேற்றரையும் பற்றியே பின்வருவன கூறப்படுகின்றன. இவ்வெஞ்சினின் மந்தவோட்ட வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்றாகும்.

காபரேற்றரின் தொழில்

பெற்றோல் திரவ நிலையில் எரிந்து எஞ்சினை இயக்குவதில்லை. அது ஆவியாகிக் காற்றோடு தக்க அளவிற் கலத்தல் வேண்டும். நிறையளவிற் கூறின், ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 15 பங்கு காற்றுத் தேவை. ஓர் இலீற்றர் பெற்றோலை எரிப்பதற்கு ஒன்பதினாயிரம் இலீற்றருக்கு மேற்பட்ட காற்றை எஞ்சின் உள்வாங்குகின்றது என்று கணித்துக் கண்டால், காபரேற்றர் எத்துணைப் பெரிய காற்றோட்டத்தோடு எத்துணைச் சிறிய பெற்றோலோட்டத்தை இசைவிக்கின்றது என்பது புலனாகும். இவ்விகிதத்திற் பெற்றோல் குறைந்தால் கலவை ‘மெலிந்தது’ என்றும், மிகுந்தால் ‘செறிந்தது’ என்றும் கூறுவோம்.

ஓடும் பாய்பொருளின் வேகம் கூடுமிடத்தில் அதன் அமுக்கம் குறையும் என்னும் உண்மையை டானியல் பேர்னூலி 1738 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒடுங்கிய குழாய் வழியே செல்லும் ஓட்டத்தைப் பற்றி வெஞ்சூரி என்னும் இத்தாலிய அறிஞர் 1797 இல் எழுதினார். காபரேற்றரின் ஒடுங்கிய கழுத்திற் காற்று விரைந்து செல்லும்போது அங்கு அமுக்கம் குறைகின்றது. அருகிலுள்ள மிதவையறையிலே வளிமண்டல அமுக்கத்திலிருக்கும் பெற்றோல், ‘ஜெற்’ எனப்படும் நுண்துளை வழியாக அவ்விடத்துக்கு ஏறித் துளிகளாகச் சிதறுகின்றது. கழுத்துக்கு அப்பால் திறொட்டில் எனப்படும் வட்டத் தகடு ஒரு சுழல்தண்டிற் பொருத்தப்பட்டுள்ளது. சாரதி மிதியை அழுத்துங்கால் அத்தகடு திரும்பி வழிவிடுகின்றது. எனவே, சாரதியின் கால் கட்டுப்படுத்துவது பெற்றோலை அன்று, காற்றையேயாம்.

காற்றோட்டம் மிகச் சிறிதாகும்போது நிலையான கழுத்திலே போதிய உறிஞ்சல் உண்டாகாது. இவ்விடர்ப்பாட்டை நீக்க, பாதணி வணிகக் குடும்பமொன்றைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்கின்னர் என்னும் ஆங்கிலேயர் 1904, 1905 ஆம் ஆண்டுகளில் ஒரு வழி கண்டார். கழுத்தின் அகலத்தைக் காற்றின் அளவுக்கேற்பத் தானே மாறச் செய்வதே அவ்வழி. தொடக்கத்தில் இதற்குத் தோலினாற் செய்த துருத்தி பயன்பட்டது. பின்னர் உலோக முசலம் அதன் இடத்தைப் பெற்றது. 1910 இல் தோன்றிய எஸ். யூ. கொம்பனியை 1926 இல் வில்லியம் மொறிஸ் வாங்கினார். மொறிஸ் வண்டிகளில் இக்காபரேற்றர் இடம்பெற்றமைக்குக் காரணம் இதுவே.

இதன் அமைப்பு எளியது. உறிஞ்சறை எனப்படும் மணி போன்ற மூடியினுள் முசலமொன்று தளர்வாக ஏறியிறங்குகின்றது. முசலத்தின் அடியிற் பொருத்திய கூர்ப்பூசி ஜெற்றினுள் இறங்கி நிற்கும். காற்றோட்டம் கூடினால் முசலம் எழும், கழுத்து அகலும், அதனோடு ஊசியும் மேலெழுந்து, அதன் ஒடுங்கிய பகுதி ஜெற்றில் நிற்பதால் பெற்றோலுக்கும் வழி பெருகும். காற்றோட்டம் குறைந்தால் இவையனைத்தும் எதிர்மாறாக நிகழும். இவ்வாறு ஜெற்றின் மேலுள்ள உறிஞ்சல் எந்நிலையிலும் ஏறத்தாழ ஒரே அளவினதாக இருக்கின்றது.

மந்தவோட்டத்திற் குறை வெளிப்படுங் காரணம்

அரிசி மூடையை நிறுக்குந் தராசில் ஒரு மஞ்சாடியைக் கூடுதலாக வைத்தால் முள் அசையாது. பொற்கொல்லரின் தராசில் வைத்தால் உடனே சாயும். எஞ்சினின் முழுவோட்டம் முன்னையதை ஒக்கும். மந்தவோட்டம் பின்னையதை ஒக்கும்.

இதனைக் கணக்கினாலும் காட்டலாம். மைனர் 1000 எஞ்சின் முழு வலுவோடு ஓடுகையில் நிமிடத்துக்கு 4,500 சுற்றுக்கு மேற் சுழலும். மந்தவோட்டத்தில் இவ்வேகம் ஒன்பதில் ஒரு பங்காகிறது. அன்றியும், திறொட்டில் ஏறத்தாழ மூடியிருப்பதால் உள்வாங்கு குழாயிலுள்ள அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் மூன்றிலொரு பங்களவிற்கு இறங்கிவிடும். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின், மந்தவோட்டத்தில் எஞ்சின் உட்கொள்ளும் காற்று முழுவோட்டத்திற் கொள்வதில் இருபதில் ஒரு பங்கிலும் குறைவே என்பது பெறப்படும். இப்போது காஸ்கற்றில் ஒரு சிறு பிளவு இருப்பதாகக் கொள்வோம். முழுவோட்டக் காற்றில் இருநூற்றில் ஒரு பங்கு அதன் வழியே புகுந்தாலும் எவரும் அதனை உணரார். அதே அளவு காற்று மந்தவோட்டத்திற் புகுமாயின் அது மொத்தத்திற் பத்தில் ஒரு பங்குக்கு மேலாகின்றது. மேலும், குழாயின் உள்ளமுக்கம் மிகக் குறைந்திருப்பதும் அந்நேரத்திலேயே ஆதலால், பிளவு வழியாக வெளிக்காற்று அப்போதுதான் மிகுதியாக நுழைகின்றது. அக்காற்று ஜெற்றைக் கடந்து வராமையாற் பெற்றோலைத் தன்னோடு கொண்டு வருவதில்லை. கலவை மெலிகின்றது, எஞ்சின் தடுமாறி நின்றுவிடுகின்றது.

மறைத்தலும் தீர்த்தலும்

எஞ்சின் நின்றுவிடுவதைக் கண்டவுடன் பலர் செய்வது ஒன்றே. திறொட்டில் முற்றாக மூடாதவாறு தாங்கி நிற்கும் தடைத் திருகாணியைத் திருப்புளியால் முறுக்கித் தகட்டைச் சற்றுத் திறந்து விடுகின்றனர். எஞ்சின் வேகங்கொள்கிறது, நிற்பதில்லை. குறை தீர்ந்ததென எண்ணிவிடுகின்றனர். உண்மையிற் குறை தீரவில்லை. அதனைச் சொல்லிய வாய் அடைக்கப்பட்டது. காய்ச்சலின் காரணத்தை அறியாது உடற்சூட்டை மட்டுந் தணிப்பது போன்றது இச்செயல்.

இதன் விளைவுகள் பின்னரே தோன்றும். நிற்குந்தோறும் பெற்றோல் வீணாகும். மைனரின் முதற் கியருக்கு வேகமிசைக்கும் அமைப்பு இல்லையாதலால், எஞ்சின் விரைந்து சுழல்கையில் அக்கியரை இடும்போது பற்கள் உரசி ஒலிக்கும். சாவியைத் திருப்பி மின்னை நிறுத்திய பின்னரும், திறந்த தகட்டின் வழியே கலவை புகுந்து, உருளையினுட் படிந்த கரியின் சூட்டினால் எரிந்து, எஞ்சின் சில நொடிகள் குலுங்கிக் குலுங்கி ஓடும். வாடகைக்கு ஓடும் வண்டியாயின் இவ்வீண்செலவு உழைப்பவர் கைக்காசிலிருந்தே போகின்றது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்து, தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திர முறைமை தொடங்கியபோது, கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 இலீற்றர் என வரையறுக்கப்பட்டது. அக்காலத்திலே கலவையைச் செவ்வனே வைத்திருந்தவருக்கும் வைத்திராதவருக்கும் உள்ள வேறுபாடு அவரவர் சென்றடைந்த தூரத்திற் புலப்பட்டது.

ஆராயும் ஒழுங்கு

எனவே, திருகாணியைத் தொடுமுன் காரணத்தைத் தேடல் வேண்டும். தேடுகையில் இரு விதிகளைக் கைக்கொள்ளுதல் நலம். ஒன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல். மற்றையது, எதனையும் மாற்றுமுன் அதன் பழைய நிலையைக் குறித்துக்கொள்ளுதல். ஆய்வுகூடத்தில் மாணவர் கற்கும் விதிகளும் இவையேயன்றோ?

முதலாவது, காபரேற்றரை விட்டுவிட்டு மின்பொறியையும் வால்வுகளையும் நோக்குக. காபரேற்றர் மீது சுமத்தப்படும் பழிகளுட் பல இவற்றுக்கே உரியன. பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலமும், டிஸ்ரிபியூற்றரிலுள்ள பொயின்றின் இடைவெளி 0.015 அங்குலமும், எஞ்சின் குளிர்ந்துள்ளபோது வால்வின் இடைவெளி 0.012 அங்குலமும் இருத்தல் வேண்டும். இலங்கையில் ஈயங்கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. ஈயம் வால்வு இருக்கைகளுக்கு ஒருவகைக் காப்பாக இருந்தது. அக்காப்பு இல்லாத பழைய வார்ப்பிரும்பு இருக்கைகள் நாளடைவிற் தேய, வால்வின் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஆதலால், இதனை முன்னிலும் அடிக்கடி அளந்து பார்த்தல் அவசியம். நான்கு உருளைகளுள் ஒன்று தொழிற்படாதிருப்பின், மந்தவோட்டத்தில் எஞ்சின் ஒழுங்கான தாளத்தோடு நொண்டும். ஒவ்வோர் உருளையின் பொறியையும் முறையே நிறுத்திப் பார்க்கையில், எதனை நிறுத்தினால் வேகம் குறையவில்லையோ அதுவே குறையுடைய உருளையாகும்.

இரண்டாவது, களவாய்ப் புகும் காற்றைத் தேடுக. உள்வாங்கு குழாயின் காஸ்கற், காபரேற்றரின் அடித்தட்டு, டிஸ்ரிபியூற்றருக்குச் செல்லும் நுண்குழாய், திறொட்டிற் சுழல்தண்டின் இரு முனைகள் ஆகியனவே அது புகும் வாயில்கள். பல்லாண்டுகள் ஓடிய வண்டியிற் சுழல்தண்டு தேய்ந்து ஆடுவது மிகச் சாதாரணம். சிலர் இவ்விடங்களிற் பெற்றோலைத் தெளித்துச் சோதிப்பர். சூடான புகைக்குழாயின் அருகே அவ்வாறு செய்வது தீயை அழைப்பதாகும். அதற்குப் பதிலாக ஐயத்துக்குரிய இடத்திலே தடித்த கிறீசைப் பூசுக. பூசியவுடன் எஞ்சினின் ஒலி மாறுமாயின் காற்று அவ்வழியே புகுந்ததென்பது உறுதி.

மூன்றாவது, மிதவையறையை நோக்குக. ஊசி வால்வில் தூசு சிக்கினால் பெற்றோல் மட்டம் உயர்ந்து வழியும், கலவை செறியும். பித்தளை மிதவையில் நுண்துளை விழுந்து உள்ளே பெற்றோல் புகுந்தாலும் அதுவே நிகழும். மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்த்தால் உள்ளிருக்கும் திரவம் ஒலி தரும். அறையின் அடியிற் துருவும் நீரும் தங்கியிருப்பின், அவை தாங்கியிலிருந்து வந்தவை. அறையை மட்டும் கழுவித் தாங்கியைக் கவனியாது விட்டாற் சில நாளில் அதே இடர் மீளும்.

நான்காவது, உறிஞ்சறையிலுள்ள முசலத்தைச் சோதிக்க. எஞ்சின் நின்றிருக்கையில் முசலத்தை உயர்த்தி விட்டால், அது தடையின்றி விழுந்து ‘டக்’ எனத் தெளிவாக ஒலித்தல் வேண்டும். இடையில் தங்குமாயின் அழுக்குப் படிந்திருக்கலாம். துணியிற் சிறிது பெற்றோல் தோய்த்துத் துடைத்தாற் போதும். மண்தாளால் தேய்த்தல் ஆகாது. ஜெற்றைக் கீழிறக்கிய நிலையில் மட்டும் நன்றாக விழுந்து, மேலேற்றிய நிலையில் விழாதிருப்பின் ஊசி ஜெற்றின் நடுவில் நிற்கவில்லை என்பது பொருள். அதனை நடுவமைத்தல் வேண்டும்.

இந்நான்கும் செவ்வையானபின், ஐந்தாவதாகவே கலவையைச் சீர்செய்தல் தகும். எஞ்சின் நன்கு சூடேறியிருத்தல் வேண்டும். ஜெற்றின் கீழுள்ள ஆறுபட்டை நட்டை மேல்நோக்கித் திருகினாற் கலவை மெலியும். கீழ்நோக்கித் திருகினாற் செறியும். ஒரு தடவைக்கு ஒரு பட்டை மட்டுமே திருகுக. பழைய நிலை அறியப்படாதிருப்பின், ஜெற்றின் வாயைக் கழுத்தின் தளத்தோடு சமமாக வைத்துப் பின்னர் இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு பட்டை, கீழிறக்குவது நல்ல தொடக்கமாகும். பின்னர், காபரேற்றரின் பக்கத்திலுள்ள சிறு ஊக்கியால் முசலத்தை அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்களவு உயர்த்துக. எஞ்சினின் வேகம் கூடி அவ்வாறே நின்றாற் கலவை செறிந்தது. வேகம் உடனே குறைந்தால் அல்லது எஞ்சின் நின்றால் மெலிந்தது. கணநேரம் சற்றே கூடிப் பழைய நிலைக்கு மீண்டாற் கலவை செவ்விது. புகைக்குழாயும் இதற்குச் சான்று பகரும்: செறிந்த கலவையிற் கரும்புகையோடு தாளந்தவறாத விட்டொலியும், மெலிந்த கலவையில் நிறமற்ற புகையோடு ஒழுங்கற்ற தெறிப்பொலியும் தோன்றும். தடைத் திருகாணியைத் தொடவேண்டிய இடம் இதுவே; இதற்கு முன்னன்று.

ஒஸ்ரின் ஏ 40 வண்டியிலுள்ள செனித் காபரேற்றரில் எழும் முசலம் இல்லை. மந்தவோட்டத்துக்கெனத் தனியான நுண்வழியும் ஜெற்றும் அதிலுண்டு. எனவே, வண்டி நன்றாக ஓடிக் கால் எடுத்தவுடன் நின்றுவிடுமாயின் அந்நுண்வழி அடைபட்டிருக்கலாம். அதனைக் காற்றால் ஊதிச் சுத்தஞ்செய்க. கம்பியை நுழைத்தால் துளை பெருத்து அளவு கெட்டுவிடும்.

திறொட்டில் தொடர்பான குறைகள்

மந்தவோட்டம் சீராயிருந்தும், மிதியைத் திடீரென அழுத்துகையில் எஞ்சின் ஒருகணம் திணறி அதன்பின் எழுவதுண்டு. எஸ். யூ. காபரேற்றரின் முசலத்தண்டு உட்குழிவானது. அதனுள் எண்ணெயும், எண்ணெயில் அமிழ்ந்த தணிப்பானும் உள. திறொட்டில் சடுதியாகத் திறக்கும்போது முசலம் துள்ளி எழாதவாறு தணிப்பான் அதனைச் சற்றே தாமதிக்கச் செய்யும். அக்கணத்தில் ஜெற்றின் மேலான உறிஞ்சல் கூடி, தேவையான செறிவு கிடைக்கும். எண்ணெய் வற்றினால் இத்தாமதம் இல்லை; திணறல் தோன்றும். தணிப்பானை இறக்குகையில் மூடி தன் இடத்தை அடையுமுன்னரே எண்ணெயின் எதிர்ப்புக் கைக்குத் தட்டுப்படல் வேண்டும். தட்டுப்படாவிடின் சிறிது எஞ்சின் எண்ணெய் இடுவதே மருந்து. ஒரு தேக்கரண்டியளவு எண்ணெய்க்காகக் காபரேற்றரையே மாற்றும் செலவு வேண்டியதில்லை.

காலை எடுத்த பின்னரும் எஞ்சினின் வேகம் இறங்காதிருத்தல் இதனினும் பாரதூரமானது. மிதியிலிருந்து காபரேற்றர் வரையுள்ள கம்பி இழை பிரிந்து உறையினுட் சிக்கியிருக்கலாம். மீட்கும் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். காலடி விரிப்பு மிதியைத் தடுத்திருக்கலாம். சோக்குக் கம்பி முற்றாக மீளாதிருப்பினும் வேகம் உயர்ந்து நிற்கும். அப்போது ஜெற் தாழ்ந்தே இருப்பதாற் கலவையும் செறியும். ஓடும்போது திறொட்டில் சிக்கிக்கொண்டால் கிளச்சை மிதித்து, மின்னை நிறுத்தி, பிறேக்கை அழுத்துக. மைனரின் பிறேக்கு எஞ்சினின் உதவியை வேண்டாதது. எஞ்சின் நின்றாலும் அது பிடிக்கும். எனினும், ஐயத்துக்குரிய கம்பியையும் சுருள்வில்லையும் காலத்தோடு மாற்றிவிடுவதே அறிவுடைமை.

சோக்கும் மண்ணெண்ணெயும்

குளிர்ந்த எஞ்சினிற் பெற்றோல் முற்றாக ஆவியாவதில்லை. ஒரு பகுதி குழாய்ச் சுவரிற் படிந்துவிடும். அக்குறையை ஈடுசெய்யவே சோக்கை இழுத்து மிகையான பெற்றோலை விடுகின்றோம். இத்தத்துவத்தை யாழ்ப்பாணத்தவர் நூலிற் கற்குமுன் தெருவிற் கற்றனர். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோல் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. அவ்வாண்டுகளிற் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாதாதலால், சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கிச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயை ஏற்கச் செய்தனர். எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரின் எண்ணெயைக் கழுவி, அடியிலுள்ள எண்ணெயையும் நீர்க்கச் செய்தது. காபரேற்றர் இல்லாத இக்காலத்து எஞ்சின் அவ்வாறு ஒத்துழைத்திராது. எளிய பொறியும் அதன் இயல்பறிந்த மனிதரும் சேர்ந்தமையால், நோயாளரும் பயணிகளும் அந்நாளிற் செல்லுமிடம் சேர்ந்தனர்.

ஓர் எச்சரிக்கை

செறிந்த கலவை எரியும்போது ஒட்சிசன் போதாமையாற் காபனீரொட்சைட்டோடு காபனோரொட்சைட்டும் மிகுதியாக உண்டாகின்றது. இது நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனிலும் பன்மடங்கு இறுகப் பிணைந்து உயிரைப் போக்கும். ஆகவே, மந்தவோட்டத்தைச் சோதிப்போர் மூடிய கொட்டிலில் எஞ்சினை ஒருபோதும் இயக்கலாகாது. வெட்டவெளியிலே, பிறேக்கை இழுத்துவைத்து, கியரை நடுநிலையில் விட்டு, தளர்ந்த உடைகளைக் காற்றாடியிலிருந்து விலக்கியே இப்பணியைச் செய்தல் வேண்டும்.

முடிவுரை

மேலே கூறியவற்றால், மந்தவோட்டம் எஞ்சினின் ஓய்வுநிலை அன்று, அதன் தேர்வுநிலையே என்பது தெளிவாகும். ஆங்கு தோன்றும் தடுமாற்றம் ஒரு தொல்லையாகத் தோன்றினும், உண்மையில் அஃது ஓர் அறிவித்தல். அதனைத் திருகாணியால் அடக்குவது எளிது. அது கூறுவது யாதெனக் கேட்டறிவதே பயனுடையது. நமது பௌதிகப் பாடத்திற் படிக்கும் பேர்னூலியின் தத்துவமும், இரசாயனத்திற் படிக்கும் தகனமும் ஒரு பழைய காரின் மூடிக்குக் கீழே ஒருங்கே தொழிற்படுவதை மாணவர் நேரிற் காணலாம். இவ்வண்டிகளைப் பேணும் கைகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. செவியால் அறிந்து விரலால் திருத்தும் அவர்தம் தொழிலறிவு ஏட்டில் ஏறாமலே மறைந்துவிடலாகாது. கல்லூரியிற் கற்ற தத்துவத்தைக் கொண்டு கராச்சிற் காணும் நிகழ்ச்சியை விளக்கவும், கராச்சிற் கண்டதைக் கொண்டு கற்றதைத் தெளியவும் நம் மாணவர் முன்வருவாராயின், இரு சாராரும் பயன் பெறுவர்.